ஊறிய ரொட்டியின் கதை

சனிக்கிழமை இரவு ரொட்டித் துண்டுகளைப் பாலிலும் முட்டையிலும் ஊற வைத்து, ஞாயிறு முற்பகலில் அடுப்பில் வெதுப்பி எடுக்கும் பண்டம் ஒன்று இப்போது தச்சநல்லூர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 'பேக்டு ஃப்ரெஞ்ச் டோஸ்ட் காசரோல்' என்று இதற்கு நீண்ட பெயர். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும், அலைபேசியில் சமையல் பார்க்கும் இளைய தலைமுறையும் கொண்டுவந்தது. 1994இல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்த ஊர் தச்சநல்லூர். நெல்லையப்பர் கோயில் வாசல் அல்வாக் கடைகள் இங்கிருந்து எட்டிவிடும் தொலைவில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பண்டத்தை முதன்முதலில் உண்டபோது நமக்குத் தோன்றியது வியப்பல்ல. இதை ஏற்கெனவே எங்கோ தின்றிருக்கிறோம் என்ற உணர்வுதான். அந்த உணர்வைத் துருவிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் செய்முறை. ஒரு பெரிய ரொட்டி, ஒரு நாள் பழையதாக இருப்பது நலம். புது ரொட்டி குழைந்துவிடும். துண்டுகளை வெண்ணெய் தடவிய ஆழமான தட்டில் அடுக்கி, ஆறு முட்டை, அரை லிட்டருக்குச் சற்று மேலான பால், நூறு கிராம் அளவு சர்க்கரை, ஏலம் ஆகியவற்றை அடித்துக் கலந்து மேலே ஊற்ற வேண்டும். குளிர்பெட்டியில் இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் 180 பாகை வெப்பத்தில் முக்கால் மணி நேரம். மேற்புறம் பொன்னிறமாக, உள்ளே அடைப்பாயசம்போல நெகிழ்ந்திருக்கும். வெதுப்படுப்பு இல்லாதவர்கள் குக்கரின் அடியில் மணல் பரப்பி, விசிலை எடுத்துவிட்டு, கேக் சுடும் பழைய முறையிலேயே இதையும் செய்துவிடலாம். (தாமிரபரணி மணலை அள்ளுவது நீதிமன்றம் ஏறிய விவகாரம் என்பதால் எங்கிருந்து மணல் எடுத்தோம் என்று சொல்வதற்கில்லை.) மேப்பிள் பாகுக்கு மாற்றாக உடன்குடிக் கருப்பட்டிப் பாகை ஊற்றினோம். கருப்பட்டிக்கும் முட்டைக்கும் இத்தனை ஒட்டுறவு இருப்பது அதுவரை நமக்குத் தெரியாது.

பெயரில் பிரான்சு இருக்கிறதே தவிர, பண்டம் பிரான்சில் பிறந்ததல்ல. அப்பீசியஸ் பெயரால் வழங்கும் உரோமானியச் சமையல் நூலிலேயே, வெள்ளை ரொட்டியின் ஓரத்தை நீக்கிப் பிய்த்துப் பாலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றிப் பரிமாறும் குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'கைவிட்டுப்போன ரொட்டி' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு இது 'ஏழை வீரர்கள்'. ஸ்பெயினில் புனித வாரத்திற்கும், போர்ச்சுகலில் கிறிஸ்துமஸுக்கும் உரிய பண்டம். ஆங்கிலத்தில் 'ஃப்ரெஞ்ச் டோஸ்ட்' என்ற பெயர் 1660இல் வெளியான இராபர்ட் மேயின் சமையல் நூலில் வருகிறது. ஆனால் அதில் முட்டை இல்லை, திராட்சை மதுவும் ஆரஞ்சுச் சாறும்தான். நம் உணவகங்களில் இதே பண்டத்தின் தட்டையான வடிவம் 'பாம்பே டோஸ்ட்' ஆகிவிட்டது. எந்த ஊரும் இதைத் தன் பெயரால் அழைக்க விரும்பவில்லை போலும். அடுப்பில் வெதுப்பும் வடிவமோ, உண்மையில் ஆங்கிலேயரின் ரொட்டி வெண்ணெய்ப் புட்டிங்கிற்கு மிக நெருங்கிய உறவு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அது அச்சான சமையல் நூல்களில் ஏறிவிட்டது.

இவ்வளவும் மேற்கு. நம் பக்கம் திரும்பினால் பெரும்பாணாற்றுப்படை நிற்கிறது. அப்ப வாணிகரான கூவியர் பாகு சேர்த்துச் சுட்ட வட்டமான அப்பம் பாலில் கிடக்கும் காட்சி அந்நூலில் ஓர் உவமையாக வருகிறது. உவமை என்பது கேட்பவருக்குப் பழகிய பொருளைக் கொண்டுதான் அமையும். ஆகவே, இனிப்பான அடை ஒன்றைப் பாலில் ஊற வைத்து உண்பது அக்காலக் கச்சிப் பக்கத்து மக்களுக்குச் சர்வ சாதாரணம் என்று கொள்வதில் பிழையில்லை. அது அரிசி அப்பமாக இருந்திருக்கும். கோதுமையோ முட்டையோ அங்கு இல்லை. ஆனால் ஊற வைத்துத் தின்னும் சுவைக்கு நாம் யாரிடமும் கடன்படவில்லை. பழையது என்ற சொல்லையே உணவின் பெயராக வைத்திருக்கும் மொழி நம்முடையது. மிஞ்சியதை இரவில் நீரூற்றிக் காலையில் உண்ணும் வீட்டுக்கு, மிஞ்சிய ரொட்டியில் பாலூற்றி வைப்பது புரியாத செயலா என்ன?

பின் ஏன் ரொட்டி இத்தனை காலம் அந்நியமாகவே இருந்தது?

இந்தப் பள்ளத்தாக்கில் ரொட்டி, பண்டமாக வருவதற்கு முன் சொல்லாகவும் சடங்காகவும் வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கிறித்தவம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். பூசைக்குக் கோதுமை அப்பம் இன்றியமையாதது. 'ஓஸ்தி' என்று கத்தோலிக்கர் இன்றும் வழங்கும் அந்தச் சொல் போர்ச்சுகீசிய வழி வந்ததுதான். நெல் விளையும் ஆற்றங்கரையிலும் பனை நிற்கும் தேரியிலும் வாழ்ந்தவர்களுக்கு, சுட்ட கோதுமை என்பது நாக்கில் வைத்துக் கரையவிடும் புளிக்காத மெல்லிய வில்லையாகவே முதலில் அறிமுகமாகியிருக்க வேண்டும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கே 'பாண்' என்ற பெயரும் 'போறணை' என்ற அடுப்பின் பெயரும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்து அன்றாடப் பேச்சில் நிலைத்துவிட்டன. போறணை என்று சொல்ல நம்மிடம் இன்றளவும் ஒரு சொல் இல்லை. அடுப்பு வீட்டுக்குள் வரவில்லை என்பதற்கு மொழியே சாட்சி. தூத்துக்குடி மக்ரூன் ஒன்றுதான், முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையுமாக, அந்தப் பழைய உறவின் நினைவாக எஞ்சியது என்பர்.

சீர்திருத்தத் திருச்சபையார் வந்தபோது ரொட்டிக்கு அவர்கள் தேர்ந்த சொல் 'அப்பம்'. ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, வேதாகமத்தைத் தமிழாக்குவதில் பெரும் உழைப்பைச் செலுத்தினார். சீர்திருத்தச் சபையாரின் தமிழ் வேதாகமத்தில் இயேசு பகிர்ந்ததும் அப்பம். அன்றாடம் வேண்டிக் கேட்பது மட்டும் 'ஆகாரம்'. பாளையங்கோட்டைச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக, ஐயாயிரம் பேருக்கு ஆப்பச்சட்டியில் ஆப்பம் சுட்டதாகவே மனக்கண்ணில் கண்டிருப்பார்கள். நமக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. ஆப்பத்தைப் புளிக்கவைக்கக் கள் உதவியதுபோலவே, ஈஸ்ட் கிடைக்காத இந்தியாவில் ரொட்டி மாவையும் கள்ளே புளிக்க வைத்தது. கோவாவில் அது பெயர்பெற்ற முறை. இங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆகவே, பனங்கள் ரொட்டியின் சுவை எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பனையில்தான் உண்ண வேண்டியிருக்கிறது.

அப்பம் பகிர்வதற்கானது என்று நூல் சொன்னது. ஊர் வேறொன்று சொன்னது. இதே மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயம், காற்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு நீள்கூடங்களைக் கொண்டது. வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவே சுவர். இரண்டும் சேரும் இடத்தில் பலிபீடம். ஒரே பீடத்தில் அருளப்பட்ட ஒரே அப்பம், சுவரின் இருபுறமும் தனித்தனியாகப் போயிற்று. 1910ஐ ஒட்டி அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. தேவாலயத்துக்குள் சாதிக்கெனத் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. மதுரையில் அமெரிக்க மிஷனார் 1847 அளவில் வேறொரு வழியைக் கண்டார்கள்: உபதேசிமார் சாதி கடந்து ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் 'அன்பின் விருந்து'. உண்ண மறுத்தவர்கள் பணியை இழந்தார்கள். அன்பு என்ற பெயரில் தேர்வு வைத்ததை ஏற்பதா என்பது வேறு கேள்வி. ஆனால் இறையியலைவிடச் சோறுதான் கடினமான பாடம் என்பதை அந்தப் பாதிரிமார் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

இது கிறித்தவர்களின் சிக்கல் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். தாமிரபரணிக் கரையிலேயே, சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு தரப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் அந்தக் குருகுலத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி, ஐயாயிரத்தைக் கொடுத்திருந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்பினார்கள். காந்தி வரைக்கும் போயிற்று. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து மாண்டார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று இலக்கிய வாசகர்கள் போற்றும் மனிதரின் இறுதிக் காலத்தை இரண்டு சிறுவர்களின் இலை தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாட்டு அரசியல் போன திசைக்கும் அந்த இலைக்கும் உள்ள தொடர்பு யாவரும் அறிந்ததே.

இந்தப் பின்னணியில்தான் வெளியில் சுட்ட ரொட்டியை நம் வீடுகள் ஏன் தொடத் தயங்கின என்பதைப் பார்க்க வேண்டும். அரிசியும் பருப்பும் வீட்டுக்குள் வெந்தவை; யார் கை பட்டது என்பது தெரியும். ரொட்டியோ யாரோ பிசைந்து, யாரோ சுட்டது. வங்காளத்தில் இராஜநாராயண் பாசு 1846இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதியை உதறியதன் அடையாளமாகவே பிஸ்கட்டும் ஷெர்ரியும் அருந்தினார். இங்கே அத்தகைய புரட்சி எதையும் ரொட்டி செய்யவில்லை. காப்பிக் கடை செய்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காப்பிக்கு ஒரு பண்பாட்டு வரலாறு தந்தது. ரொட்டிக்கு அப்படியொருவர் இன்னும் வாய்க்கவில்லை.

ரொட்டி தயக்கத்தைத் தாண்டிய வழி நோய். காய்ச்சல்காரருக்கு மட்டும் அனுமதி. தீட்டை மருந்து வெல்லும் என்பது பழைய விதி. அரசு மருத்துவமனைகளில் பாலும் ரொட்டியும் நோயாளியின் உணவாயின. தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தால், 'வீட்டுல யாருக்குல மேலுக்கு முடியல?' என்று எதிரில் வருபவர் கேட்பது நெல்லைப் பக்கத்தில் நம் தலைமுறைவரை உண்டு. சுடுபாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவி அம்மாக்கள் ஊட்டியதுதான் நாம் உண்ட முதல் 'ஃப்ரெஞ்ச் டோஸ்ட்'. காசரோலை வாயில் வைத்ததும் நினைவுக்கு வந்தது அந்தக் காய்ச்சல் மணம்தான்.

அடுத்து வந்தது பஞ்சம். 1956க்குப் பின் அமெரிக்கக் கோதுமை பி.எல். 480 உடன்பாட்டின் கீழ் கப்பல் கப்பலாக வந்தது. கேர் நிறுவனம் 1961 முதல் தமிழகப் பள்ளிகளின் மதிய உணவுக்குப் பொருள் வழங்கியது. கோதுமை உப்புமாவும் பால்பொடியும் ஒரு தலைமுறையின் நாக்கில் பதிந்தன. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்து அரிசி அரிதானபோது, கோதுமை உண்ணப் பழகுங்கள் என்று அரசு சொன்னது. 1965இல் மைய அரசே மாடர்ன் பேக்கரிஸ் நிறுவனத்தைத் தொடங்கி உறையிட்ட ரொட்டியைத் தயாரித்தது. 1967 தேர்தலில் தி.மு.க. வாக்களித்ததோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கோதுமையை உண்ணச் சொன்னவர்கள் தோற்றார்கள் என்று ஒற்றை வரியில் சொன்னால் வரலாற்றாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். மொழிப்போர் இருக்கிறது, வேறு பலவும் இருக்கின்றன. ஆயினும் தட்டில் அரிசி இல்லாமற்போனது வாக்குச்சாவடிவரை வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மாடர்ன் நிறுவனம் 2000இல் தனியாருக்கு விற்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே கோதுமையை எந்தத் தயக்கமுமின்றி ஏற்ற பண்டம் ஒன்று இவ்வூரிலேயே இருந்தது. அல்வா. வடக்கேயிருந்து வந்த சிங் குடும்பத்தார் கைவண்ணம் அது. அவர்களைச் சொக்கம்பட்டி ஜமீன் அழைத்து வந்ததாகச் சொல்வார்கள். சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் பிழிந்து, அதையும் இரவு தெளியவிட்டுக் கிண்டுகிறார்கள். நுணுகிப் பார்த்தால் ரொட்டியும் அல்வாவும் ஒரே தானியத்தைப் பங்கு பிரித்துக்கொண்டவை. கோதுமையின் பிசினை நம்பி எழுவது ரொட்டி. அந்தப் பிசினில் பெரும்பகுதியைச் சக்கையோடு விட்டுவிட்டு மாவுப்பாலை எடுத்துக்கொள்வது அல்வா. இரண்டையும் மீண்டும் ஒன்று சேர்த்தவர்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணச் சமையற்காரர்கள். பிரியாணிக்குத் துணையாக வரும் பிரட் அல்வா, நெய்யில் வறுத்த ரொட்டியைப் பாலிலும் சர்க்கரையிலும் குழைப்பது. நெல்லைக்காரர்கள் அதை அல்வா என்று ஏற்க மறுத்து வாதாடுவார்கள்; வாதாடிக்கொண்டே இரண்டாம் கரண்டி கேட்பார்கள்.

'பிரஞ்ச்' என்ற சொல்லைக் குறித்தும் ஒன்று. 1895இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் எழுதிய கட்டுரை ஒன்றில் அது முதலில் அச்சேறியது. சனி இரவுக் களியாட்டத்துக்குப் பின் ஞாயிறு காலை தாமதமாக எழுவோருக்கான பரிந்துரை. நம்மூரில் அலுவலகம் போவோர் பத்து மணிக்குள் முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பிற்பகலில் சிற்றுண்டி கொண்ட காலம் ஒன்றிருந்தது. அவர்களும் காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கியவர்கள்தாம். களியாட்டம் மட்டும் இல்லை.

தச்சநல்லூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். பாதித் தட்டில் முட்டை சேர்க்காமல் பாலும் சோளமாவும் ஊற்றியிருந்தோம், சைவர்களுக்காக. நடுவே பிரிப்பதற்குத் தகட்டுத்தாளை மடித்துச் சுவர்போல நிறுத்தியிருந்தோம். வெந்துகொண்டிருக்கும்போதே அது சாய்ந்து, எது எந்தப் பக்கம் என்று தெரியாமற்போயிற்று. சைவர் இருவர் வெறும் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவர், எழுபதைத் தாண்டிய பெரியவர், ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கருப்பட்டிப் பாகில் தோய்த்து உண்டுவிட்டு, எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார்.