ஜாம்கேட்: குழுவில் யாருக்கு இடம்?

சமூகப்பணி படிப்பவர்கள் 'பல்துறைக் குழு' என்ற சொல்லை முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். டாக்டர், செவிலியர், சமூகப் பணியாளர், ஆலோசகர். சேரியில் இருந்து ஒரு பெண் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று வகுப்பில் நாம் கேட்டதில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமத்நகர் மாவட்டத்து ஜாம்கேட்டில் வேலையைத் தொடங்கினார்கள். டாக்டர், செவிலியர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு ஊர் ஊராகப் போனது. செவிலியரை ஊரிலேயே தங்கவைத்துப் பார்த்தார்கள்; சரிவரவில்லை. வெளியூரில் இருந்து வந்த படித்த பெண் தனியாகத் தங்குவது சிரமம். ஊர்ப் பெண்களும் அவரிடம் மனம்விட்டுப் பேசவில்லை. பிறகுதான் அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் தலித்துகள். எல்லாச் சாதிப் பெண்களும் ஜாம்கேட்டில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுக் கற்றார்கள். பிரசவம் பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது, தொழுநோயின் அறிகுறியைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கிய கை, ஊரின் பிள்ளைகளை முதலில் ஏந்தும் கையானது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொடும் வறட்சி. ஆழ்துளைக் கிணறு போட நீரோட்டம் பார்க்க வந்தவரிடம், தலித் குடியிருப்புக்குள்ளேயே இடம் குறிக்கச் சொன்னார்கள் ஆரோலேக்கள். அடிபம்பு அங்கே நின்றது. தன் கிணற்றில் தலித்துகளைத் தண்ணீர் எடுக்கவிடாத ஊர், குடத்தோடு அங்கே வந்தது. (நீரோட்டம் பார்ப்பவரும் மருத்துவக் குழுவில் ஒருவர்தான் என்று எந்தப் பாடநூல் நமக்குச் சொன்னது?) ஒரு அடிபம்பு சாதியை ஒழித்துவிடாது. இது இரண்டு டாக்டர்களின் யோசனையில் தொடங்கிய வேலை என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் நோய்க்கும் சாதிக்கும் ஒரே கூட்டத்தில் பதில் தேடினார்கள்.

1975இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் இடம்பெற்றது. 1978இல் அல்மா ஆட்டா பிரகடனம் வந்தது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆஷா பணியாளர்களைக் கொண்டுவந்தது. உள்ளூர்ப் பெண் என்ற யோசனையை அரசு எடுத்துக்கொண்டது. அவரை ஊழியராக ஏற்கவில்லை. பெயர் தன்னார்வலர், கூலி ஊக்கத்தொகை.

நாம் போகும் ஆய்வுக் கூட்டங்களில் நாற்காலிகள் டாக்டரில் தொடங்கி நம்மோடு முடிந்துவிடுகின்றன. எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்ற கேள்வி வரும்போது மட்டும், சுவரோரம் நிற்கும் அந்த அக்காவை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம்.