வியாபாரப் பதிவு உத்தியோகத்தர் மாநாடுகள்

வியாபாரப் பெயர்களையும் கம்பனிகளையும் அவற்றின் கடன் ஈடுகளையும் பதியும் அரசாங்க உத்தியோகத்தர்கள் கூடித் தொழில் பேசும் கூட்டங்கள் இவை. படிவம், கட்டணம், பெயர்த் தேடல் என்று நிகழ்ச்சிநிரல் வெளியாருக்குக் கொட்டாவி வரவழைக்கும். ஆனால் அங்கே எழுதப்படும் ஒரு விதியால் கடன் கொடுத்தவர் பணத்தை இழக்கவும் கூடும்.

அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலும் உள்ள பதிவு அலுவலகங்களுக்கென ‘வர்த்தக நிருவாகிகளின் சர்வதேசச் சங்கம்’ இருக்கிறது. இது ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. அமெரிக்கப் பதிவகங்களுக்கான மாதிரி விதிகளைத் தொகுத்ததும் இந்தச் சங்கமே. பெயர் தேடும்போது நிறுத்தற்குறிகளையும் சொற்களுக்கிடையிலான வெளியையும் கணக்கில் எடுக்காதே என்கின்றன அவ்விதிகள்.

அவ்விதிகளாலும் தீராத சிக்கல் ஒன்று: அமெரிக்காவின் கான்சாஸ் மாநில விவசாயி ஒருவரின் சட்டப் பெயர் டெரன்ஸ். விவசாய இயந்திரக் கம்பனியான டியர் தன் ஈட்டைச் செல்லப் பெயரான ‘டெரி’யில் பதிந்திருந்தது. விவசாயி வங்குரோத்தானார். சட்டப் பெயரில் தேடினால் டியரின் பதிவு அகப்படவில்லை; 2004இல் மேன்முறையீட்டு மன்றம் அந்தப் பதிவு செல்லாது என்றது. இத்தகைய வழக்குகள் குவிந்தபின் சட்டம் திருத்தப்பட்டு, 2013 ஜூலை 1 முதல் பெரும்பாலான மாநிலங்களில் சாரதி அனுமதிப் பத்திரத்தில் உள்ள பெயரே கடன்பட்டவரின் பெயராயிற்று.

ஐரோப்பியப் பதிவகங்களுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. உலகளவில் கம்பனிப் பதிவகங்களின் மன்றம் உண்டு. இவை மூன்றும் வர்த்தக நிருவாகிகளின் சங்கமும் சேர்ந்து பதிவகங்கள் பற்றிய கூட்டு ஆய்வும் நடத்திவந்திருக்கின்றன. அண்மைக் காலத்தில் மேடையைப் பிடித்திருப்பது கம்பனிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான உரிமையாளர் யார் என்ற கேள்வி.

அது ஒன்றும் புதிய கேள்வியல்ல. முதலாம் உலகப் போரின்போது, ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஜேர்மானிய முதலாளி இருக்கிறாரா என்று பார்க்கவே பிரித்தானியா 1916இல் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் இலங்கைக்கும் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இன்று மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்பவரும் சாய்ந்தமருதில் ஹாட்வெயார் கடை திறப்பவரும் பிரதேச செயலகத்துக்குப் போவதன் வேர் அங்கேதான். கம்பனியாகப் பதிய வேண்டுமென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். அது கொழும்புத் திணைக்களத்தின் வேலை.

டெரன்ஸ்–டெரி சிக்கல், மருதமுனையும் சாய்ந்தமருதும் இருக்கும் கல்முனைக் கரைக்கு நன்றாகத் தெரிந்தது. இங்கே பாதிப் பெயர் முதலெழுத்துகளில் அடங்கிவிடும். ‘ஏ.எல்.எம்.’ என்றால் அஹமது லெப்பை முஹம்மது என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அடையாள அட்டையில் ‘அஹமது லெப்பை’ இரண்டு சொல், வங்கிப் புத்தகத்தில் ஒட்டி ஒரே சொல், பிறப்புச் சான்றிதழில் ‘அகமது’. வெளியைக் கணக்கில் எடுக்காத அமெரிக்க விதி முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ‘ஹ’வுக்கும் ‘க’வுக்கும் அந்த விதியில் மருந்தில்லை, ‘முஹம்மது’வை ஆங்கிலத்தில் எழுதும் விதங்களுக்கோ கணக்கேயில்லை.

அதற்கு ஊரில் வேறு வழி இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி, அதன் அடியில் சமாதான நீதவானின் கையெழுத்தும் றப்பர் முத்திரையும். அதையும் விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுப்பார்கள்.