காலடியில் இன்னொரு ஜோடி

1930களின் ஹாலிவுட் நடனப் படங்களை முதல்முறை பார்க்கும்போது ஆடுகிறவர்களைத்தான் பார்ப்போம். இரண்டாவது முறை கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் தரை தெரியும். ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் ஆடிக்கொண்டிருக்க, அவர்கள் பாதத்தோடு பாதம் ஒட்டி, தலைகீழாக, மங்கலாக இன்னொரு ஜோடியும் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கீழ் ஜோடியைப் படத்துக்குள் கொண்டுவர எவ்வளவு பேர் என்னென்ன பாடு பட்டார்கள் என்பது, நடனத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு எழுதப்படவில்லை.

தரை இவ்வளவு தெரிவதற்கு முதல் காரணம் அஸ்டேரின் பிடிவாதம். அதே காலத்தில் வார்னர் பிரதர்ஸில் பஸ்பி பெர்க்லி கேமராவைக் கூரையில் ஏற்றினார். பெண்களைப் பூக்கோலம் போல அடுக்கினார். முகம், கால் என்று துண்டு துண்டாகக் காட்டினார். அஸ்டேருக்கு அது ஆகாது. உச்சி முதல் பாதம் வரை முழு உடம்பும் தெரிய வேண்டும், நடுவில் வேறு யாருடைய முகத்துக்கும் வெட்டக் கூடாது, முடிந்தவரை ஒரே ஷாட்டில் போக வேண்டும். அன்றைய சட்டகம் கிட்டத்தட்ட சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. அதில் முழு ஆளைக் காட்டினால் காலுக்குக் கீழே நிறைய இடம் மிஞ்சும். நெருக்கக் காட்சியில் தரை எப்படி இருந்தாலும் யாருக்கும் கவலை இல்லை. இங்கே அது மூன்றாவது நடிகர்.

ஆர்.கே.ஓ. நிறுவனம் 1933 ஜனவரியில் திவாலாகி நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆழமான வருடம் அது. அந்த நிலைமையில்தான் கலை இயக்கத்துறைத் தலைவர் வான் நெஸ்ட் போல்க்லேஸும், இந்தப் படங்களில் நேரடியாக அரங்குகளைப் பார்த்துக்கொண்ட கரோல் கிளார்க்கும் வெள்ளை வெளேரென்ற மாளிகைகளைக் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன் அரங்கில் அசல் வெள்ளை என்பது ஒளிப்பதிவாளருக்குத் தலைவலி. வெளிச்சம் ஃபிலிமின் முதுகுவரை போய்த் திரும்பி, விளிம்புகளைச் சுற்றி ஒளிவட்டம் போடும். முப்பதுகளில் வந்த புதிய ஃபிலிம்கள் அதைப் பெருமளவு அடக்கிவிட்டன. சுவர் வெள்ளை, படிக்கட்டு வெள்ளை, தூண் வெள்ளை. ஆனால் தரைக்குக் கறுப்பும் வேண்டியிருந்தது.

ஏன் கறுப்பு? பளபளப்பு என்றதும் நமக்கு வெள்ளைப் பளிங்குதான் நினைவுக்கு வரும். பிரதிபிம்பத்துக்கு அது உதவாது. மழை பெய்த ராத்திரியில் தார்ரோட்டைப் பாருங்கள். கடை விளக்கெல்லாம் அப்படியே கீழே நீளும். பக்கத்திலேயே நனைந்து கிடக்கும் சிமெண்ட் நடைபாதையில் அவ்வளவு இருக்காது. இரண்டின் மேலும் இருப்பது அதே தண்ணீர்தான். வித்தியாசம் அடியில் இருக்கிறது. எந்தப் பளபளப்பான பரப்பும் இரண்டு விதமாக ஒளியைத் திருப்பும். மேல்தோல் கண்ணாடிபோலத் திருப்புவது ஒன்று. உள்ளே போன ஒளி நிறத்தோடு சிதறி எல்லாத் திசையிலும் வெளியே வருவது இன்னொன்று. கண்ணாடி, அக்ரிலிக் போன்றவற்றின் மேல்தோல் நேர் மேலிருந்து பார்த்தால் வெறும் 4 சதவிகிதத்தைத்தான் திருப்பும். பேக்லைட்டில் சற்றுக் கூடும், அவ்வளவே. வெள்ளைத் தரையோ தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் சிதறடிக்கும். அந்த வெள்ளத்தில் நாலு சதவிகிதம் எங்கே தெரியும்? கறுப்பு அந்தச் சிதறலை விழுங்கிவிடுகிறது. கூடுதலாக எதையும் திருப்பித் தருவதில்லை. குறுக்கே வராமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோணமும் முக்கியம். செங்குத்துக் கோட்டிலிருந்து பார்வை 60 டிகிரி சாய்ந்தால் அந்த 4 சதவிகிதம் 9 ஆகும். 80 டிகிரியில் ஏறக்குறைய 39 ஆகிவிடும். இது ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த கணக்கு. இன்று வீடியோ கேம் எழுதுகிற யாரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இதைப் போட்டே ஆக வேண்டும். இந்தப் படங்களின் ஒளிப்பதிவாளர் டேவிட் ஏபல் சமன்பாடு எழுதிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. கேமராவைத் தாழ்த்தினால் பிம்பம் வலுக்கும், உயர்த்தினால் மங்கும் என்பது வ்யூஃபைண்டரிலேயே தெரியும்.

கறுப்புக்குக் கிடைத்த பொருள் பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட் 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்தது. அவர் தேடப் போனது அரக்குக்கு ஒரு மாற்று. மின்கம்பிச் சுருள்களுக்குக் காப்புப் பூச அரக்கு தேவைப்பட்டது. அரக்கோ இந்தியக் காடுகளில் பூச்சி கொடுத்தால்தான் உண்டு. கிடைத்தது வேறு ஒன்று. ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகவே உருகாத பிசின். ரேடியோப் பெட்டி, டெலிபோன், சுவிட்ச் எல்லாம் அதில் வந்தன. அடர்ந்த நிறங்கள் அதற்கு இயல்பாகவே வரும். தகடாகச் செய்து தரையில் பதித்தால் கறுப்புக் குளம்.

உருகாது என்பதில்தான் வினை. அரக்கில் கீறல் விழுந்தால் சூடுபடுத்தித் தேய்த்துவிடலாம். பேக்லைட்டில் விழுந்தது விழுந்ததுதான். அதன்மேல் ஆடுகிறவர்களின் ஷூவிலோ இரும்பு லாடம்! ஒத்திகையின்போது தரை முழுக்க அட்டை விரித்து மூடி வைப்பார்கள். ஷாட்டுக்கு முன் அட்டையை எடுத்து, துடைத்து, மெருகேற்றி, ஒரு டேக் ஆடி முடிந்ததும் மறுபடி துடைப்பார்கள். டைட்டில் கார்டில் அந்தத் துடைப்பக்காரர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

இன்று ஸ்டுடியோவில் வாசனைத் திரவிய பாட்டிலையோ கைக்கடிகாரத்தையோ படம் எடுப்பவர்கள் அதே சங்கடத்தோடுதான் கறுப்பு அக்ரிலிக் தகட்டை வாங்குகிறார்கள். சாதாரண முகக்கண்ணாடி உதவாது. அதில் ரசம் பின்பக்கம் இருப்பதால், பொருளுக்கும் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் கனம் ஓர் இடைவெளியாகத் தெரியும்; மேல்பரப்பு வேறு தன் பங்குக்கு இரண்டாவதாக ஒரு பிம்பம் காட்டும். அக்ரிலிக்கில் ஒரே பிம்பம், அதுவும் பொருளின் அடியைத் தொட்டுக்கொண்டு. ஆனால் உலர்ந்த துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி, அறையில் உள்ள தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கடைசி நிமிடம்வரை உரிக்காமல் வைத்திருப்பது, அந்தப் பழைய அட்டை வித்தையேதான்.

தூசிக்கே இந்தப் பாடு என்றால் இறகுக்கு? 1935 ஆகஸ்டில் வெளியான ‘டாப் ஹேட்’டில் ‘சீக் டு சீக்’ பாட்டுக்கு ஜிஞ்சர் தீக்கோழி இறகு தைத்த கவுனைத்தான் அணிவேன் என்று நின்றார். ஆட ஆட இறகு உதிர்ந்தது. அஸ்டேரின் கறுப்புக் கோட்டில், காற்றில், எங்கும் இறகு. பெரிய சண்டையே நடந்தது. ஒவ்வொன்றாகத் தைத்துச் சரிசெய்த பிறகும் சில பறப்பதைப் படத்திலேயே பார்க்கலாம். எனக்கென்னவோ கவுன் பக்கம்தான் மனசு. அந்த வழவழப்புக்கு நடுவே தன்போக்கில் நடக்கிற ஒரே விஷயம் அந்த இறகுகள்.

தரைக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு: காது. டாப் நடனம் பாதி இசை. ஆனால் இந்தப் படங்களில் காலோசை பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவானதல்ல. பிற்பாடு தனியாக ஆடிச் சேர்த்தது. ஜிஞ்சரின் காலோசையைப் பலமுறை ஆடிக் கொடுத்தவர் நடன உதவியாளர் ஹெர்மீஸ் பான் என்ற ஆண். ஓசையைப் பிரித்துவிட்டதால்தான் தரையைக் கண்ணுக்காக மட்டும் தேர்ந்தெடுக்க முடிந்தது என்று நினைக்கிறேன். விதிவிலக்கு ‘ராபர்ட்டா’, அதுவும் 1935. அதில் ‘ஐ’ல் பி ஹார்ட் டு ஹேண்டில்’ நடனத்துக்கு மேப்பிள் மரத்தரை போட்டு, காலோசையை அங்கேயே பதிவு செய்தார்கள். ஜிஞ்சர் கால்சட்டையில் ஆடுகிறார். காலடியில் கண்ணாடி ஜோடி இல்லை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் வம்புக்கிழுத்துக்கொண்டு ஆடுகிற சத்தம் மட்டும் இருக்கிறது. மொத்த வரிசையிலும் மனிதர்கள் ஆடுவதாகத் தோன்றுகிற நடனம் எனக்கு அதுதான்.

அடுத்த வருடம் ‘ஸ்விங் டைம்’. ஜான் ஹார்க்ரைடர் வடிவமைத்த சில்வர் ஸாண்டல் இரவு விடுதி, இரு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டுகள், இருட்டுப் பளபளப்பு. ‘நெவர் கான்னா டான்ஸ்’ பிரிவின் நடனம். காதலர்கள் தரையில் தொடங்கி, ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறி, மேல்தளத்தில் சுழன்று முடிக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் பிசகியது. மொத்தம் 47 டேக். இரவு நீண்டது, ஜிஞ்சரின் பாதங்களில் ரத்தம் கசிந்தது, வெள்ளை ஷூ சிவந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. படத்தில் நாம் பார்ப்பது அந்த இரவின் நடனம். தரையில் ஒரு கறை இல்லை.