மடியும் டிராக்டரும் மலைச்சரிவும்: சேர்வராயன் காப்பித் தோட்டங்களை முன்வைத்து

நடுமூட்டு டிராக்டர் உடலையே நடுவில் மடித்துத் திரும்பும் வண்டி. சாதாரண டிராக்டரில் முன்சக்கரங்கள் மட்டும் திரும்பும். இதில் முன்பாதியும் பின்பாதியும் நிமிர்ந்து நிற்கும் கனத்த இரும்பு முளையில் கோக்கப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைச் சுற்றினால் ஹைட்ராலிக் சிலிண்டர் அந்த மூட்டை மடக்கும். அதே மூட்டில் உள்ள இன்னோர் அச்சு, இரு பாதிகளும் பக்கவாட்டில் தனித்தனியே சாய இடம் கொடுக்கும். அதனால் குண்டும் குழியுமான தரையிலும் நான்கு சக்கரமும் மண்ணை விடாது. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, நான்கும் இழுப்பவை. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வரும் என்பதுதான் இதன் பெரிய வசதி.

ஐரோப்பியத் திராட்சை, பழத் தோட்டங்களில் வளர்ந்த வடிவம் இது. இத்தாலியின் அன்டோனியோ கராரோ, பாஸ்குவாலி, கோல்டோனி, ஜெர்மனியின் ஹோல்டர் ஆகியவை இதில் பெயர்பெற்றவை. அமெரிக்காவின் ஒஹாயோவில் உருவான வென்ட்ராக், கருவியை முன்னால் தாங்கும் வகை. இந்தியச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் சிறு டிராக்டர்களான மகிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி. போன்றவை முன்சக்கரம் ஒடித்துத் திரும்புபவை. ஆகவே சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் நடுமூட்டு வண்டி வாங்க நினைப்பவர் பெரும்பாலும் இறக்குமதி வண்டியைத்தான் நினைக்கிறார்.

இந்த வண்டி வளர்ந்த நிலமும் சேர்வராயன் மலையும் வேறு வேறு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வேரூன்றியது. 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டி, நிழல் மரங்களுக்குக் கீழே, சார்னோகைட் பாறைகள் தலைநீட்டும் செம்மண்ணில் அரபிக்கா நிற்கிறது. சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது. இத்தாலியத் திராட்சைத் தோட்டத்தில் வண்டி வரிசையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் திரும்பி அடுத்த வரிசைக்குள் போகும். திரும்பும் இடம் குறுகல் என்பதே அங்குள்ள சிக்கல். நடுமூட்டு அதற்கான விடை. காப்பிக்காட்டிலோ வண்டி வரிசைக்குள் நுழையவே முடியாது. எஸ்.795 போன்ற உயர ரகங்களுக்கு இடைவெளி ஆறு அல்லது ஏழு அடி, காவேரி போன்ற குட்டை ரகங்களுக்கு ஐந்தடி. வளர்ந்த செடியின் கிளைகள் அந்த இடைவெளியை மூடிவிடும். எஞ்சிய இடத்தில் நிழல் மரத்தின் தூரும், பாறையும், மழைநீரைத் தேக்க வெட்டிய தொட்டில் குழியும் இருக்கும். உணவெடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் முதல் ஓரடிக்குள் இருப்பதால், சக்கரம் போக வழியிருந்தாலும் அங்கே ஓட்டுவது செடிக்குக் கேடு. களையெடுக்கவும் கவாத்துக்கும் இந்த டிராக்டர் உதவும் என்று நம்பி வாங்குவது தவறான கணக்கு. அவை இன்றும் கத்தியும் மண்வெட்டியும் தோளில் மாட்டும் புல் வெட்டும் எந்திரமும் செய்யும் வேலைகள்.

வண்டிக்கு வேலை இருப்பது தோட்டத்துப் பாதையில். பழைய எஸ்டேட்டுகளின் உட்பாதைகள் மாட்டுவண்டியும் மட்டக்குதிரையும் போன அகலத்தில் வெட்டப்பட்டவை. மேற்பக்கம் வாய்க்கால், கீழ்ப்பக்கம் பாசி பிடித்த கல்கட்டு, அதற்கப்பால் சரிவு. பாதை மடிந்து திரும்பும் இடத்தில் சாதாரண டிராக்டர் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பின்சக்கரம் உள்வளைவை அரிந்து வாய்க்காலின் விளிம்பை உடைக்கும். நடுமூட்டு வண்டி ஒரே மூச்சில் திரும்பிவிடும். பாதையின் விளிம்பும் பிழைக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரையான அறுவடையில் இதன் அருமை நன்றாகத் தெரியும். பறித்த பழம் அன்றைக்கே தோலுரிக்கும் பல்ப்பருக்குப் போய்ச் சேர வேண்டும். கிடந்தால் புளித்துச் சுவை கெடும். ஆட்கள் தலைச்சுமையாகச் சாக்கைச் சுமந்து மேடேறும் தூரத்தைக் குறைக்கும் எதுவும் பழத்தின் தரத்தையும் உயர்த்தும், சுமப்பவரின் முதுகையும் காக்கும். இலைத்துரு நோய்க்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை தெளிக்கும்போது 200 லிட்டர் பீப்பாய்களை மேலேற்றுவதும் இதே வகை வேலை.

ஆனால் எந்த மடிப்பு வளைவில் காப்பாற்றுகிறதோ, அதே மடிப்பு சரிவில் ஆபத்தாகும். விற்பனைத் தாள்கள் இதை விளக்குவது குறைவு. பக்கவாட்டுச் சக்கரங்களின் இடைவெளி 1 மீட்டர், முன்பின் அச்சுகளின் இடைவெளி 1.3 மீட்டர், எடைமையத்தின் உயரம் 0.6 மீட்டர், எடைமையம் மூட்டின் மேல் என்று ஒரு வண்டியைக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். நேராக நிற்கும்போது எடைமையத்திலிருந்து பக்கவாட்டுச் சக்கரக் கோடு அரை மீட்டர் தள்ளியிருக்கும்; வண்டி கவிழ ஏறத்தாழ 40 பாகைச் சாய்வு வேண்டும். அதே வண்டி 40 பாகை மடிந்து நின்றால் மூட்டு வளைவின் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். வெளிப்பக்கச் சக்கரக் கோட்டுக்கும் எடைமையத்துக்கும் உள்ள தூரம் கால் மீட்டராகச் சுருங்கும். கவிழும் சாய்வு ஏறத்தாழ 22 பாகைக்கு இறங்கிவிடும். எஞ்சின் முன்னச்சுக்கு முன்னால் அமைந்த வண்டிகளில் இழப்பு இவ்வளவு இராது. ஆனால் இல்லாமல் போகாது. சரிவில் குறுக்காகப் போகும் வண்டியை மேட்டுப்பக்கம் திருப்பும்போது வெளிப்பக்கம் பள்ளத்துப் பக்கமாக அமைவதுதான் மிக மோசமான நிலை. போதாக்குறைக்கு இரு பாதிகளும் தனித்தனியே சாயக்கூடியவை என்பதால், ஒரு பாதி கவிழத் தொடங்கியதை மறுபாதியில் உட்கார்ந்திருப்பவர் உணர்வதற்குள் நேரம் கடந்துவிடலாம்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க, குறுகிய டிராக்டர்களில் பொருத்தும் இரும்புச் சட்டங்களுக்கென்றே ஓ.இ.சி.டி. அமைப்பு 6, 7 என்னும் தனி விதித்தொகுப்புகளை வைத்திருக்கிறது. அப்படிச் சோதிக்கப்பட்ட சட்டமும் இருக்கைப் பட்டையும் இல்லாத வண்டியை, என்ன விலைக்குக் கிடைத்தாலும், இந்த மலைக்கு ஏற்றக்கூடாது. மடக்கும் வகைச் சட்டத்தை மிளகுக் கொடிக்கும் மரக்கிளைக்கும் இடைஞ்சல் என்று மடக்கியே வைத்து ஓட்டினால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இறக்கத்தில் இழுவைப் பெட்டி இன்னொரு கவலை. ஐந்துக்கு ஒன்று இறங்கும் பாதையில் ஒரு டன் சுமை ஏறத்தாழ 200 கிலோ விசையோடு வண்டியைப் பின்னிருந்து தள்ளும். வண்டி மடிந்திருக்கும் நேரத்தில் இந்தத் தள்ளல் பின்பாதியை வெளியே ஒதுக்கும். பனிமூட்டமும் ஈரச்செம்மண்ணும் சேர்ந்த காலையில், தனக்கென்று பிரேக் இல்லாத பெட்டியை இழுப்பது கூடாது.

செலவுக்கு வந்தால், இறக்குமதி வண்டியும் கருவிகளும் 20 லட்சம், பத்தாண்டு ஆயுள், கடைசியில் கால்பங்கு விலை, வட்டி 10 விழுக்காடு, பழுதுக்கும் காப்பீட்டுக்கும் 3 விழுக்காடு என்று கொண்டால், வண்டி நகராமலே ஆண்டுக்கு 3,35,000 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடினால் மணிக்கு 1,100 ரூபாய்க்கு மேல். டீசலும் ஓட்டுநர் கூலியும் தனி. உள்நாட்டு நான்கு சக்கர இழுப்பு வண்டி ஒன்றை 6 லட்சமாக வைத்து அதே கணக்கைப் போட்டால் மணிக்கு 335 ரூபாய். இந்த வேறுபாட்டை வளைவில் மிச்சமாகும் நிமிடங்களும் உடையாத வாய்க்கால் விளிம்பும் ஈடுகட்ட வேண்டும். பாதை மடிப்புகள் ஐந்தாறுதான் என்றால், அவற்றைக் கொஞ்சம் அகலப்படுத்திக் கல்கட்டு கட்டிவிட்டு உள்நாட்டு வண்டியை வாங்குவதே மலிவு. மானியமும் இந்தத் திசையில்தான் தள்ளுகிறது. வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடு வரையும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையும், உச்சவரம்புக்கு உட்பட்டு உதவி உண்டு. அது சோதித்து ஏற்கப்பட்ட மாடல்களுக்கே கிடைக்கும்.

ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு இந்த வண்டியைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். அவர்களுக்குப் புல் வெட்டும் எந்திரமும், ஊருக்குப் பொதுவாக வாடகைக்கு ஒரு பவர் டில்லரும் போதும். இருபதடி இடைவெளியில் நட்ட கமலா ஆரஞ்சுத் தோப்பும் நீண்ட குறுகிய பாதைகளும் ஒருங்கே உள்ள பெரிய எஸ்டேட்டில், பறிப்புக் காலத்துக்கு வெளியேயும் புல்வெட்டு, உரமேற்றல், குழி தோண்டல் என்று வண்டிக்கு வேலை இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடினால் நிலையான செலவு மணிக்கு 560 ரூபாய்க்கு இறங்குகிறது.

அப்போதும் முடிவு விற்பனையாளரின் சமதள முற்றத்தில் எடுக்கப்படக்கூடாது. தோட்டத்தின் மிகக் குறுகிய மடிப்பில், மழை ஓய்ந்த மறுநாள், பாதிச் சுமையோடு தொடங்கிப் பெட்டியை இழுத்து ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பவர் நாளை அதை ஓட்டப்போகும் ஆளாகவே இருக்க வேண்டும். உதிரி பாகம் எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பறிப்பு நேரத்தில் ஒரு ஹைட்ராலிக் பம்புக்காக மூன்று வாரம் நின்றால் அந்த ஆண்டின் ஆதாயம் போயிற்று. பழைய வண்டி என்றால் பார்க்க வேண்டிய முதல் இடம் நடுமூட்டு. முன்பாதியை ஜாக்கியில் சற்றுத் தூக்கி, மூட்டுக்குக் கீழே கடப்பாறை கொடுத்து நெம்பினால் தேய்மானம் 'டக்' என்ற ஆட்டமாகக் கைக்குத் தெரியும். முளையும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் மலையிறங்கிச் சேலத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் புதிதாகச் செய்துகொள்ளலாம். முளை உட்காரும் துளையே முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும்.