அலெக்சாந்திரியா நூலகம்

அலெக்சாந்திரியா நூலகம், எகிப்தின் மத்தியதரைக் கடற்கரை நகரான அலெக்சாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாலமி மன்னர்கள் நிறுவிய பண்டைய நூலகம். அரண்மனைப் பகுதியில் இயங்கிய மியூசியோன் என்னும் அறிஞர் அவையோடு இணைந்திருந்தது. அதன் பெயரைத் தாங்கிய புதிய நூலகம் 2002இல் அதே நகரில் திறக்கப்பட்டது. பழைய நூலகம் ஒரே நாளில் தீக்கிரையானது என்ற கதையே பரவலாக நிலைத்துவிட்டது. சான்றுகள் வேறு முடிவுக்கே இட்டுச் செல்கின்றன: பேணுவார் இல்லாமல் படிப்படியாகத் தேய்ந்து போனது அது. புதிய நூலகத்தை மதிப்பிடுவதற்கும் இந்த வரலாறே அளவுகோல்.

நூலகத்தின் வலிமை சுருள்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பழைய நூலாசிரியர்கள் 40,000 முதல் 7,00,000 வரை கணக்குச் சொல்வதால், எந்த எண்ணையும் உறுதியாகக் கொள்ள முடியாது. உறுதியாகத் தெரிவது அங்கு நடந்த வேலை. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிலிருந்த நூல்களைக் கைப்பற்றி, மூலத்தை வைத்துக்கொண்டு படியை உரியவரிடம் கொடுத்தார்கள் என்று மருத்துவர் காலன் எழுதியிருக்கிறார். அங்கு பணியாற்றிய அறிஞர் கலிமாக்கஸ் 120 சுருள்களில் தொகுத்த 'பினாகெஸ்' என்னும் அட்டவணை, நூல்களைத் துறைவாரியாகப் பிரித்து, ஆசிரியர் வரலாற்றோடு நூலின் தொடக்கச் சொற்களையும் வரிகளின் எண்ணிக்கையையும் குறித்தது. ஹோமரின் காப்பியங்களைப் பதிப்பித்த நூலகத் தலைவர்கள் செனோடோடஸும் அரிஸ்டார்க்கஸும் ஐயத்துக்குரிய வரியின் ஓரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டார்கள். வரியை விட்டுவைத்து, முடிவைப் படிப்பவரிடம் விட்டார்கள். வெனிஸில் உள்ள 10ஆம் நூற்றாண்டு இலியட் கையெழுத்துப் படியில் அரிஸ்டார்க்கஸின் குறியீடுகள் இன்றும் உள்ளன. கட்டடம் இருந்த சுவடே இல்லை. அங்கு உருவான பதிப்பு முறை மட்டும் படிக்குப் படி கடந்து வந்திருக்கிறது.

கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் மூட்டிய தீ நூல்களை அழித்ததே என்று கேட்கலாம். அழித்திருக்கலாம். ஆனால் அதற்குச் சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின் அந்நகரில் தங்கிய புவியியலாளர் ஸ்டிராபோ, மியூசியோன் அறிஞர்கள் கூடி உணவருந்தும் மண்டபத்தை வர்ணிக்கிறார். பின்னர் பேரரசர் கிளாடியஸ் அந்த நிறுவனத்தை விரிவாக்கினார். கி.பி. 391இல், நூலகத்தின் கிளை இருந்த செராப்பிஸ் கோயில் இடிக்கப்பட்டதைச் சொல்லும் அக்காலப் பதிவுகளில் நூல்கள் எரிந்த செய்தி இல்லை. கலீபா உமரின் ஆணையால் நூல்கள் எரிக்கப்பட்டன என்ற கதை, அரேபியர் நகரைக் கைப்பற்றி ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஆன பிறகே ஏட்டில் ஏறியது. உண்மையான திருப்பம் கி.மு. 145ஐ ஒட்டி நேர்ந்தது. எட்டாம் தாலமி அறிஞர்களை விரட்டினார். அரிஸ்டார்க்கஸ் சைப்ரஸுக்குத் தப்பி ஓடி அங்கேயே இறந்தார். எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் பட்டியல், அவருக்குப் பின் நூலகத் தலைவராக ஈட்டிப்படையைச் சேர்ந்த கைடாஸ் என்பவரைக் குறிப்பிடுகிறது. ஓலைச்சுவடியைப் போலவே பாப்பிரஸ் சுருளும் மீண்டும் படியெடுக்கப்படாவிட்டால் மக்கிப்போகும். அந்த வேலையை அறிந்தவர்கள் போனபின், நெருப்பு எஞ்சியதைத்தான் தின்றிருக்கும்.

புத்துயிர்ப்பு முயற்சி 1970களில் அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. வரலாற்றாசிரியர் முஸ்தபா எல்-அபாதி அதில் முன்னின்றார். யுனெஸ்கோ ஆதரவோடு நடந்த வடிவமைப்புப் போட்டியில் நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம் 1989இல் வென்றது. சுமார் 22 கோடி டாலர் செலவில் எழுந்த கட்டடம் 2002 அக்டோபர் 16 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. அஸ்வான் கிரானைட் சுவரில் உலகின் பல எழுத்துமுறைகள் செதுக்கப்பட்டுள்ளன. கடலை நோக்கிச் சரிந்த வட்டக் கூரையின் கீழ் வாசிப்புக்கூடம் படிப்படியாக இறங்குகிறது.

இவ்வளவு பணத்தைச் சிறு நூலகங்களுக்குச் செலவிட்டிருக்கலாம் என்ற விமர்சனம் எழுந்தது. 80 லட்சம் நூல்களுக்கு இடம் வைத்துவிட்டு, அதில் சிறு பகுதியோடு திறந்தார்கள் என்பதும், அரசின் பிடி இருந்தது என்பதும் உண்மை. நூலகத்துக்காக உழைத்த எல்-அபாதியே பின்னாளில் அதைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் நூல்தொகை குறைவு என்ற குறை நிரந்தரமன்று: பிரான்ஸின் தேசிய நூலகம் 5 லட்சம் நூல்களை 2010இல் வழங்கியது. இணையப் பக்கங்களைச் சேமிக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தொகுப்பின் ஒரு படி தொடக்கத்திலேயே இங்கு வைக்கப்பட்டது. அரபு நூல்கள் மின்படிகளாக்கப்பட்டன. பழைய நூலகத்தின் உண்மையான தொடர்ச்சி இந்தப் படியெடுப்பில்தான் இருக்கிறது. 2011 எகிப்தியக் கிளர்ச்சியின்போது இளைஞர்கள் கைகோத்து நின்று கட்டடத்தைக் காத்தார்கள். கூட்டம் காப்பாற்றக்கூடியது கட்டடத்தை. உள்ளிருப்பதைக் காக்க, ஆட்சி மாறினாலும் மாறாத நிதியும், துறையறிந்த ஊழியர்களும், அவர்களுக்கான சுதந்திரமும் வேண்டும். அவை நீடிக்கும்வரைதான் புதிய நூலகம் பழையதற்கு வாரிசு.