கபினியும் காவிரியும் கண்ட மகளிர்

ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, தாம் உடன் கொணர்ந்த வரலாறு. மற்றொன்று, வந்து சேர்ந்த மண் தன்னகத்தே வைத்திருக்கும் வரலாறு. முன்னதைப் போற்றுவதற்குத் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பின்னதைக் கற்பதற்கு நாம் போதிய முயற்சி செய்யவில்லை. இக்குறையை எங்களுக்கு உணர்த்தியவள் ஹனூரில் நாங்கள் கண்ட ஒரு பள்ளிச் சிறுமி.

எங்கள் சங்கத்தின் தொண்டுக் குழுவினர் ஓராண்டு ஹனூரில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள் வழங்கச் சென்றிருந்தோம். வழங்கி முடித்த பின்னர், வழக்கம்போல் அறிவுரை கூறத் தொடங்கினோம். ஔவையாரைச் சொன்னோம், கண்ணகியைச் சொன்னோம், இராணி மங்கம்மாளையும் வேலு நாச்சியாரையும் சொன்னோம். முன் வரிசையிலிருந்த தமிழ்ச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அவங்க எல்லாரும் அந்தப் பக்கத்துக்காரங்கதானே அக்கா? நம்ம ஊர்ப் பக்கத்துல பெரிய பொம்பளைங்க யாருமே இல்லையா?" என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடை கூற எங்களுள் ஒருவருக்கும் இயலவில்லை. திரும்பும் வழியில் வண்டியில் பேச்சும் அதிகம் எழவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில், ஆளுக்கொரு பெண்மணியைப் பற்றிக் கற்று வந்து ஏனையோர்க்குச் சொல்வது என்று முடிவு செய்தோம். குறிப்பேடு கொடுக்கப் போன நாங்கள் குறிப்பெடுக்கும் மாணவரானோம். அச்சிறுமிக்கு நாங்கள் தரும் காலந்தாழ்ந்த விடையே இக்கட்டுரை.

இரு மொழி வழங்கும் மண்

ஹனூர் இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் மைசூர் மாவட்டத்திலிருந்து 1997 ஆம் ஆண்டில் பிரிந்தது. அதற்கும் முன்னே செல்வோமாயின் வியப்பான செய்தியொன்று கிடைக்கும். ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது மைசூரோடு இணைந்தது. எனவே மார்ட்டள்ளி, சந்தனப்பாளையம் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்களிற் சிலர், தாம் குடிபெயராமலே மாநிலம் பெயர்ந்தவர்கள். இன்றும் மாதேஸ்வரன் மலைக்குச் சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கங்களிலிருந்து அடியார்கள் திரளாக வருகின்றனர். இம்மண்ணின் மகளிரைப் பிறர் வீட்டுப் பெண்டிராக எண்ண நமக்கு உரிமையில்லை.

சத்தியம் செய்ய மறுத்த சங்கம்மா

அம்மலையைச் சூழ்ந்த ஊர்களில், கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டி இரவு முழுவதும் பாடும் கலைஞர்கள் உளர். அவர்கள் பாடும் மாதேஸ்வர காவியத்தில் நெஞ்சை உருக்கும் பகுதி சங்கம்மாவின் கதை. கணவன் நீலேகவுடன் தேன் எடுக்கக் காட்டிற்குப் புறப்படுகிறான். தான் திரும்பும் வரை கற்புத் தவறமாட்டேன் என்று கையடித்துச் சத்தியம் செய்யுமாறு மனைவியைக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். குற்றம் செய்யாதவளிடம் சத்தியம் கேட்பதே குற்றம் என்பது அவள் நிலை. அவன் அவளை வதைத்து விட்டுச் செல்கிறான். மாதேஸ்வரர் வந்து அவளைக் காத்து, காரய்யா, பில்லய்யா என்னும் இரு மக்கட்பேற்றையும் அருள்கிறார்.

இது கல்வெட்டில் உள்ள வரலாறு அன்று. மக்கள் நாவில் வாழும் காவியம். ஆயினும் ஒரு மலைநாட்டுச் சமுதாயம் எத்தகைய பெண்ணைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் போற்றியது என்பதும் வரலாறே. கண்ணகி அரசவையில் நீதி கேட்டாள். சங்கம்மா தன் குடிலின் வாயிலிலேயே நீதி கேட்டாள். இக்கதையை எங்கள் குழுவில் எடுத்துரைத்த அம்மையார், சொல்லி முடித்துச் சற்றுநேரம் அமைதியாக இருந்தார். கேட்டிருந்தோரும் அவ்வாறே இருந்தனர்.

அடைப்பை ஏந்திய கைகள் எழுதிய நூல்

கொள்ளேகாலுக்கு அண்மையிலுள்ளது எளந்தூர். அவ்வூரிற் பிறந்தவர் ஹொன்னம்மா. மைசூரைச் சிக்கதேவராஜ உடையார் ஆண்ட காலம் அது. 1673 முதல் 1704 வரை. எளந்தூர்த் தலைவர் குடியினரான அரசி தேவஜம்மணிக்கு வெற்றிலைப் பை ஏந்தும் பணிப்பெண்ணாக ஹொன்னம்மா அரண்மனை புகுந்தார். கன்னடத்தில் அப்பைக்குச் 'சஞ்சி' என்பது பெயர். ஆதலால் அவர் 'சஞ்சி ஹொன்னம்மா' எனப்பட்டார். நம் பழைய வழக்கில் 'அடைப்பைக்காரி' எனலாம்.

அரசவைப் புலவர் சிங்கராரியரிடம் கல்வி கற்ற அவ்வம்மையார், அரசியின் விருப்பப்படி 'ஹதிபதெய தர்மா' என்னும் நூலைச் சாங்கத்தியம் என்ற இசைப்பா வகையில் இயற்றினார். பதிவிரதையின் அறம் என்பது அப்பெயரின் பொருள். கணவன்பால் மனைவி ஒழுகவேண்டிய முறையைக் கூறும் நூலே அது. அக்காலத்து நெறியை அவர் மீறினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்நூலுக்குள்ளேயே, பெண் பிறந்தாள் என்று முகம் சுளிப்போரை நோக்கி, உம்மைப் பெற்றதும் வளர்த்ததும் ஒரு பெண் அல்லவோ என்னும் கருத்துப்பட அவர் வினவுகிறார். மகனும் மகளும் பெற்றோர்க்கு ஒன்றே என வாதிடுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிப்பெண் எழுப்பிய வினா இது. இன்றும் பெண் குழந்தை பிறந்த செய்தியைக் குரல் தாழ்த்திச் சொல்லும் வீடுகள் நம்மிடையே உள்ளனவா, இல்லையா என்பதை நாமே நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக.

அரசை மீட்ட அரசியும் ஒளி தந்த அரசியும்

அடுத்து இரு அரசியர். முதலாமவர் இலட்சுமம்மண்ணி. இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் தேவியார். 1761 இல் ஹைதர் அலி ஆட்சியைக் கைக்கொண்டார். 1766 இல் கணவர் மறைந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காவலுக்குட்பட்ட அரண்மனை வாழ்வில் இருந்துகொண்டே, இழந்த அரசை மீட்கும் முயற்சியை அவர் கைவிடவில்லை. அவர் சார்பில் திருமலைராவ் என்பார் ஆங்கிலேயருடன் 1782 இல் உடன்படிக்கை செய்துகொண்டது நம் தஞ்சையில். 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினார். இலட்சுமம்மண்ணி 1810 இல் மறைந்தார்.

அன்னியரின் துணையை நாடியது சரியோ என்று எங்கள் கூட்டத்தில் வாதம் எழுந்தது. வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட திப்புவை நினைக்கும்போது அவ்வினா எழுவது இயல்பே. வென்ற ஆங்கிலேயர் கோயம்புத்தூர்ச் சீமையைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். அதனாலேயே ஹனூர் மைசூரினின்று பிரிந்து சென்னையின் பாற்பட்டது. ஓர் அரசியின் வெற்றிக்கு ஒரு சீமை விலையாயிற்று. போற்றுவதற்காக மட்டும் வரலாற்றைக் கற்போமாயின், இத்தகைய செய்திகள் நம் கண்ணிற்படா.

இரண்டாமவர் வாணி விலாச சந்நிதானம் என வழங்கப்பெறும் கெம்பநஞ்சம்மண்ணி. 1894 டிசம்பரில் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் காலமானபோது, மகன் நான்காம் கிருஷ்ணராஜருக்கு வயது பத்து. அரசி 1895 முதல் 1902 வரை அரசப் பிரதிநிதியாக ஆண்டார். அவர் காலம் எளிதான காலமன்று. 1897 இல் மைசூரின் பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. 1898 இல் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்த திவான் சேஷாத்திரி ஐயர் துணைநிற்க, அரசியின் ஆட்சியிலேதான் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெரும்பணி நிறைவேறியது.

1902 ஜூன் 30 இல் அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்வழிகளுள் அதுவும் ஒன்று. நீர் விழுந்த இடத்தின் ஒரு கரை கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டம். மின்சாரம் சென்று சேர்ந்த இடத்திலோ, ஆழச் சுரங்கத்தில் உழைத்தோரில் மிகப் பலர் தமிழர். அச்சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. அங்கு வேலை செய்த பாட்டன்மாரின் பேரர்கள் நம் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினராய் இருக்கின்றனர். அவர்தம் பாட்டனார் இறங்கிய சுரங்கத்திற்கு மின்சாரம் வந்த காலத்தில், நாட்டை ஆண்டவர் ஒரு கைம்பெண் என்பதை எத்தனை பேர் அறிவர்!

நஞ்சன்கூடு நமக்களித்த நாகரத்தினம்மாள்

கபினிக் கரையிலுள்ள நஞ்சன்கூடு இரு மகளிரைத் தந்தது. ஒருவர் 1887 இல் பிறந்த திருமலாம்பா. இளமையிலேயே கணவனை இழந்த அவர், மனம் மடங்கிப்போகாமல் கன்னடத்தில் நாவல்கள் எழுதினார். 'சதி ஹிதைஷிணி' என்னும் பெயரில் 1913 முதல் நூல்களை வெளியிட்டார். 'கர்நாடக நந்தினி' என்னும் பெண்கள் இதழையும் நடத்தினார். 1982 வரை வாழ்ந்தார்.

மற்றொருவர் 1878 இல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசிக் குடும்பத்திற் பிறந்து, இசையும் வடமொழியும் தெலுங்கும் கற்றுச் சென்னையில் புகழ்பெற்றவர். தஞ்சை அரசவையில் 18 ஆம் நூற்றாண்டில் விளங்கிய முத்துப்பழனி என்ற பெண்பாற் புலவர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காவியத்தை, வெட்டிக் குறைக்காமல் முழுமையாக 1910 இல் அவர் பதிப்பித்தார். ஆங்கில அரசு 1911 இல் அதற்குத் தடை விதித்தது. ஆண் புலவர் அத்தகைய பாடல் பாடினால் அணி என்பர். பெண் பாடினால் மட்டும் ஆபாசமோ என்பதே அவர் தொடுத்த வழக்கின் சாரம். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேதான் அத்தடை நீங்கியது.

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டபோது, தம் குலத்து மகளிரின் கலையும் மானமும் மறக்கப்படுமே என நாகரத்தினம்மாள் எதிர்த்து நின்றார். காலம் முத்துலட்சுமி அம்மையார் பக்கமே தீர்ப்பளித்தது, அது நன்றே. ஆயினும் எதிர்த்தவரின் குரலில் ஒலித்த வேதனையும் பொய்யன்று.

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி பேணுவாரின்றிக் கிடந்தபோது, தம் பொருளைச் செலவிட்டு நிலம் பெற்றுக் கோயில் எழுப்பியவர் இவரே. 1925 இல் அது குடமுழுக்குக் கண்டது. ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லாதிருந்த நிலையை எதிர்த்து, பெண்களைக் கொண்டே ஆராதனை நடத்தினார். 1952 இல் மறைந்த அவருடைய உருவச்சிலை, இன்றும் சமாதியை நோக்கிக் கைகூப்பியவண்ணம் அமர்ந்திருக்கிறது. கபினி காவிரியில் கலந்து தஞ்சைக்குச் செல்வதுபோல், நஞ்சன்கூட்டு மகள் திருவையாற்றில் சென்று கலந்தார்.

முடிவாக

மறு ஆண்டு நாங்கள் ஹனூருக்குச் சென்றபோது, இவ்வரலாறுகளை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தோம். வினா எழுப்பிய சிறுமி அங்கில்லை. அவள் குடும்பம் பிழைப்பு நாடித் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏனைய பிள்ளைகளுக்குக் கதைகளைச் சொன்னோம். ஹொன்னம்மாவின் பெயரைக் கேட்டதும் கன்னடப் பிள்ளைகள் சிலர் தமக்குத் தெரியும் என்று கையுயர்த்தினர். தமிழ்ப் பிள்ளைகள் அவர்களை வியந்து நோக்கினர். அன்று அவ்வகுப்பறையில், வழங்கிய குறிப்பேடுகளினும் பெரிய கொடை ஒன்று கைமாறியதாக நாங்கள் உணர்ந்தோம்.

சங்கத்துக் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: பிள்ளைகளுக்கு ஔவையைச் சொல்லுங்கள், உடன் ஹொன்னம்மாவையும் சொல்லுங்கள். கண்ணகியைச் சொல்லும் நாவால் சங்கம்மாவையும் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பாட்டிமார் எவ்வூரிலிருந்து, எச்சுமையோடு, எவ்வாறு வந்தனர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களும் இம்மண்ணின் வரலாற்றைச் சேர்ந்தவர்களே.

திருப்பூரில் ஏதோ ஒரு தெருவில் வாழும் அச்சிறுமியின் கைக்கு இம்மலர் எட்டுமோ, எட்டாதோ, அறியோம். எட்டுமாயின் அவளுக்கு ஒரு சொல்: இருந்தார்கள், அம்மா. உன் ஊர்ப் பக்கத்திலும் இருந்தார்கள். நீ கேட்டதனாலேயே நாங்கள் அறிந்துகொண்டோம்.