டிராக்டருக்குக் கூடுதல் வாரண்டி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

புது டிராக்டருக்கு முன்பணம் கட்டி, கடன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஷோரூம்காரர் கடைசியாக ஒன்று கேட்பார். "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா சார்? சின்ன தொகைதான், லோன்லயே சேர்த்துக்கலாம்." எட்டு லட்சம், ஒன்பது லட்சம் என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் பதினைந்தாயிரமும் இருபதாயிரமும் சின்னதாகத்தான் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மூன்றாம் வருஷம் கியர் பாக்ஸில் சத்தம் வரும்போதுதான் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படிக்கிறோம்.

அதை வாங்குவதற்கு முன்பே படித்துவிட்டால் பாதி விவசாயிகளுக்கு அது தேவையில்லை என்பது தெரிந்துவிடும். மீதிப் பேரும் எந்த நிபந்தனையில் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம்.

வண்டியோடு வருவது எவ்வளவு?

டிராக்டருக்கான வாரண்டி ஆண்டுக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். '2 ஆண்டு அல்லது 2,000 மணி நேரம், எது முந்துகிறதோ அதுவரை' என்பதுபோல. இப்போது பல நிறுவனங்கள் 5 ஆண்டு, 6 ஆண்டு என்று விளம்பரம் செய்கின்றன. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில வாரண்டிகளில் முதல் 2 ஆண்டுக்கு மட்டுமே முழு வண்டிக்கும் பொறுப்பு. அதற்குப் பிறகு இன்ஜின், டிரான்ஸ்மிஷன் ஆகியவற்றின் உள்பாகங்களுக்கு மட்டும்தான். ஹைட்ராலிக், ஸ்டியரிங், மின்சார வேலைகள் எல்லாம் வெளியே போய்விடும்.

ஆகவே கூடுதல் வாரண்டியின் விலையைக் கேட்பதற்கு முன், வண்டியோடு இலவசமாக வரும் வாரண்டி எந்தப் பாகத்துக்கு எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஏற்கனவே 5 ஆண்டு இருந்து, கூடுதலாக விற்கப்படுவதும் அதே இரண்டுக்கும் அதே காலத்துக்கும்தான் என்றால் அதற்குக் காசு கொடுப்பதில் பொருளே இல்லை.

உங்கள் மணிக் கணக்கு

முடிவைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு இதற்குத்தான். பத்து ஏக்கர் சொந்த நிலம், அக்கம்பக்கத்தில் கொஞ்சம் வாடகை உழவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 மணி ஓடினால் 5 ஆண்டில் 1,500 மணி. ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டும் இன்ஜினுக்கு 1,500 மணி என்பது இளமைப் பருவம். தயாரிப்புக் குறை ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில நூறு மணியிலேயே தலைகாட்டிவிடும். அது வண்டியோடு வந்த வாரண்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.

முழுநேரமாக வாடகைக்கு ஓட்டுகிறவரின் கணக்கு வேறு. ரோட்டவேட்டர், டிரெய்லர், பேலர் என்று ஆண்டுக்கு 1,000 மணி ஓடினால் '2 ஆண்டு அல்லது 2,000 மணி' வாரண்டி சரியாக இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும். பி.டி.ஓ., கிளட்ச், கியர், ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் தேய்மானம் காட்டத் தொடங்குவதும் அதற்குப் பிறகுதான். இவருக்குக் கூடுதல் வாரண்டி உதவலாம். ஆனால் அதிலும் மணி வரம்பைப் பார்க்க வேண்டும். '5 ஆண்டு அல்லது 3,000 மணி' என்று இருந்தால் இவருக்குக் கிடைப்பது கூடுதலாக ஒரே ஓர் ஆண்டு. மூன்று ஆண்டுக்குப் பணம் கட்டி ஓர் ஆண்டு அனுபவிப்பது நல்ல பேரம் இல்லை.

மணிமீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வகை கேபிள் மீட்டர்கள் இன்ஜினின் சுழற்சியை வைத்து மணியைக் கணக்கிடுபவை. இன்ஜின் குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். மெதுவாக ஓடினால் குறைவாகக் காட்டும். மீட்டர் பழுதாகி அப்படியே விட்டால் வாரண்டி மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும். கேபிள் அறுந்தால் அன்றே சர்வீஸ் சென்டரில் சொல்லி, எழுத்தில் பதிவு செய்து மாற்றுங்கள்.

எதற்கெல்லாம் கிடைக்காது?

கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஃபில்டர்கள், ஆயில், பெல்ட், ரப்பர் ஹோஸ், பல்பு, ஃபியூஸ் போன்றவை தேய்மானப் பொருட்கள். கூடுதல் வாரண்டியில் இவை பொதுவாக இருக்காது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு. எஃப்.ஐ. பம்பையும் பல சமயம் அந்தப் பம்ப் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கே அனுப்புவார்கள். விபத்து, திருட்டு, வெள்ளம் ஆகியவை இன்சூரன்ஸ் சமாச்சாரம். வாரண்டிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

நெல் வயலில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டி ஓட்டும்போது ஆயில் சீல் வழியாகச் சேறும் தண்ணீரும் ஆக்ஸிலுக்குள் போய் பேரிங்கும் கியரும் கெடுவது வழக்கமான தொல்லை. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் ஆக்ஸில் பழுதானால் செலவு கையைக் கடிக்கும். இது தயாரிப்புக் குறையா, பராமரிப்புக் குறையா என்பதில்தான் சண்டையே வரும். "தண்ணீர் புகுந்து கெட்டால் கிடைக்குமா?" என்று வாங்கும்போதே கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

பாகத்துக்கு மட்டும்தானா, கூலிக்கும் சேர்த்தா என்பதும் முக்கியம். கியர் பாக்ஸைப் பிரிப்பதென்றால் வண்டியை இரண்டாகப் பிளக்க வேண்டும். கூலி, புது ஆயில், வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் செலவு எல்லாம் உங்கள் தலையில் என்றால், 'இலவச' வேலைக்கே நல்ல தொகை ஆகிவிடும்.

சர்வீஸ் புத்தகம் இல்லாவிட்டால் வாரண்டி வெறும் தாள்

டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கும் கதை இது. கூடுதல் வாரண்டி வாங்கியிருப்பார். முதல் நான்கு இலவச சர்வீஸையும் ஷோரூமில் செய்திருப்பார். அதன்பிறகு சர்வீஸ் சென்டர் நாற்பது கிலோமீட்டர் தூரம், நடவு அவசரம் என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருப்பார். மெக்கானிக் திறமைசாலிதான், ஆயிலும் நல்ல ஆயில்தான். ஆனால் பில் இல்லை, புத்தகத்தில் சீல் இல்லை. ஹைட்ராலிக் பழுதாகிக் கொண்டுபோனால் ஒரே பதில்: "சர்வீஸ் விட்டுப்போச்சு, கிளெய்ம் ஆகாது."

ஏனென்றால் கூடுதல் வாரண்டியின் நிபந்தனைகளில் இதுதான் முதல் வரி. குறிப்பிட்ட மணிக்குள், கம்பெனி அங்கீகரித்த இடத்தில், அவர்கள் சொல்லும் ஆயிலும் ஃபில்டரும் போட்டு எல்லா சர்வீஸையும் செய்திருக்க வேண்டும். வீடு தேடி வந்து சர்வீஸ் செய்யும் டீலர் உங்கள் பகுதியில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அத்தனை தூரம் அத்தனை தடவை போய்வர நம்மால் முடியுமா என்று உண்மையாக யோசித்துப் பாருங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள். என் கருத்தில், வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டுவது, அனுமதியில்லாத லோடரைப் பொருத்துவது, டிரெய்லரில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது ஆகியவையும் வாரண்டியை ரத்தாக்கும்.

50 குதிரைத்திறனுக்கு மேல் இருந்தால்

2023 ஜனவரி 1 முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு டிரெம்-4 புகை விதி கட்டாயம். இதனால் இந்த வண்டிகளில் காமன் ரெயில் டீசல் முறை, ஈ.சி.யூ., சென்சார்கள், புகை சுத்திகரிப்புக் கருவிகள் வந்துவிட்டன. உள்ளூர் மெக்கானிக் ஸ்பேனரை வைத்துச் சரிசெய்யும் வேலை இல்லை இது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தால்தான் பழுதே தெரியும். எப்படியும் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். உதிரிபாகமும் விலை அதிகம். இந்த வகை வண்டிக்கு, மின்னணு பாகங்களும் சேர்ந்திருந்தால், கூடுதல் வாரண்டியை நான் ஆதரிப்பேன். சாதாரண பம்ப் உள்ள 35, 40, 45 எச்.பி. வண்டிக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

விலையைப் பார்க்கும் விதம்

கடனில் சேர்த்தால் அதற்கும் வட்டி உண்டு. 20,000 ரூபாயை 12 சதவீத வட்டியில், 5 ஆண்டுக்கு அரையாண்டுத் தவணையாகக் கட்டினால் ஒரு தவணைக்கு சுமார் 2,717 ரூபாய். பத்துத் தவணைக்கு 27,000 ரூபாயைத் தாண்டுகிறது. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் விசாரியுங்கள். ஹைட்ராலிக் பம்ப், கிரவுன் வீல்-பினியன், பி.டி.ஓ. ஷாப்ட் என்று உங்கள் மாடலில் வழக்கமாகப் போகும் நான்கைந்து பாகங்களின் விலையும் கூலியும் தெரிந்தால் கணக்கு தானாகவே புரிந்துவிடும். உங்கள் ஊரில் அதே மாடலை 2,000 மணிக்கு மேல் ஓட்டிய ஒருவரிடம் என்ன செலவு வந்தது என்று கேட்பது அதைவிட நல்லது.

டெலிவரி அன்றே வாங்கியாக வேண்டுமா என்றும் கேளுங்கள். வண்டியோடு வந்த வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் அவசரமே இல்லை. ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்து, மணிக் கணக்கும் டீலரின் குணமும் தெரிந்தபிறகு முடிவு செய்யலாம்.

சான்றிதழ் யார் பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள். டிராக்டர் கம்பெனியே தருவது ஒன்று, டீலர் சொந்தமாகத் தருவது வேறு. டீலர் கடையை மூடிவிட்டால் அவர் தந்த வாரண்டியும் அதோடு போய்விடும். வண்டியை விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் விற்கும்போது நல்ல விலை பேசலாம்.

எந்த வாரண்டியும் ஈடுகட்டாத நஷ்டம் ஒன்று உண்டு. பருவத்தில் வண்டி பத்து நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் போகும் வாடகையும் தள்ளிப்போகும் நடவும் யார் கணக்கிலும் வராது. அதனால் பாகம் எத்தனை நாளில் வரும் என்ற கேள்வி, வாரண்டி எத்தனை ஆண்டு என்பதைவிடப் பெரியது.

கிளெய்மை மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டு நகல், சர்வீஸ் பில்கள், மாற்றிய பாகத்தின் போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டி வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 200 ரூபாய். "வாடகைக்கு ஓட்டுகிறீர்கள், இது வணிகம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிய வண்டிக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.